இரத்தினபுரி எலிக்காய்ச்சலும் ஒரு மாணவனின் கேள்வியும்

சென்ற மழைக்காலத்தில் எனது பத்தாம் தர வகுப்பில் ஒரு மாணவன் தொடர்ந்து பன்னிரண்டு நாட்கள் வரவில்லை. தோட்டப்புறத்துப் பாடசாலைகளில் இது புதிதல்ல. மழை கூடினால் பாதை உடையும், பஸ் வராது, வீட்டில் யாருக்காவது சுகமில்லாமல் போகும். பதின்மூன்றாம் நாள் வந்தவன் சொன்னான்: "வாப்பா ஆஸ்பத்திரியில, சேர். எலிக்காய்ச்சலாம். கிட்னிக்கு மெஷின் போட்டிருக்காங்க."

அவனுடைய வாப்பா மாணிக்கக் குழியில் இறங்கி வேலை செய்பவர். காய்ச்சல் தொடங்கிய மறுநாளே பக்கத்து டவுனில் ஒரு தனியார் டிஸ்பென்சரிக்குப் போயிருக்கிறார். டெங்கு காலம் என்பதால் டெங்குப் பரிசோதனை செய்தார்கள். இல்லை என்று வந்ததும் பெனடோல் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். என்ன வேலை செய்கிறீர்கள் என்று அங்கே யாரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் கண் சிவந்து, கெண்டைக்கால் தொட முடியாமல் வலித்து, சிறுநீர் குறைந்துபோன பிறகுதான் அரச வைத்தியசாலைக்குக் கொண்டு போனார்கள். அல்ஹம்துலில்லாஹ், பிழைத்துக்கொண்டார்.

சில நாட்கள் கழித்து அவன் வகுப்பில் எழுந்து ஒரு கேள்வி கேட்டான். "ஆஸ்பத்திரியில ஸ்கேன் இருக்கு, மெஷின் இருக்கு, எல்லாம் இருக்கு. இரத்தத்தில இருக்கிற ஒரு கிருமியக் கண்டுபிடிக்க ஏன் சேர் இவ்வளவு கஷ்டம்?"

விஞ்ஞானம் படிப்பிக்கும் எனக்கு அன்று சரியான பதில் சொல்லத் தெரியவில்லை. இருபது வருடங்களுக்கு முன்னர் ஆசிரியர் கலாசாலையில் படித்ததில் எலிக்காய்ச்சல் பற்றி இருந்தது ஒரு வரிதான். அதன் பிறகு தேடித்தேடி வாசித்தேன், தெரிந்த வைத்தியர்களிடம் கேட்டேன். அந்தப் பதிலைத்தான் இங்கு எழுதுகிறேன். அந்த மாணவனுக்கு மட்டும் சொன்னால் போதாது என்று நினைக்க ஒரு காரணம் உண்டு. எலிக்காய்ச்சல் நோயாளர் எண்ணிக்கையில் நாட்டிலேயே எப்போதும் முன்வரிசையில் நிற்கும் மாவட்டங்களில் இரத்தினபுரியும் கேகாலையும் இருக்கின்றன. இந்த இரண்டு மாவட்டங்களிலும் எமது மக்கள் வயலிலும் குழியிலும் கடையிலும் இருக்கிறார்கள்.

முதலில் கிருமியைப் பற்றி. இதன் பெயர் லெப்டோஸ்பைரா. சுருள் வடிவான ஒரு பற்றீரியா. சிங்களத்தில் 'மீ உண' என்றும் தமிழில் எலிக்காய்ச்சல் என்றும் சொன்னாலும் எலி மட்டும் இதைச் சுமப்பதில்லை. மாடு, எருமை, பன்றி, நாய் எல்லாவற்றின் சிறுநீரகத்திலும் இது குடியிருக்கும். அந்த மிருகத்துக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, ஆனால் அதன் சிறுநீரோடு கிருமி வெளியே வந்துகொண்டே இருக்கும். ஈரமான மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும். காலில் ஒரு சிறு வெட்டு, சேற்றில் ஊறி வெடித்த தோல், கண், வாய் இவற்றில் ஒன்று போதும், உள்ளே நுழைந்துவிடும். வயல் உழுபவர், குழியில் பம்ப் வைத்து இறைத்த பிறகும் முழங்கால் அளவு தண்ணீரில் நின்று இல்லம் மண்ணைத் தோண்டுபவர், தோட்டத்தில் கான் வெட்டுபவர், வெள்ளம் வடிந்த பிறகு வீடு கழுவுபவர் எல்லோருக்கும் இது வரலாம். தண்ணீரில் கால் வைத்த அன்றே காய்ச்சல் வராது. பொதுவாக ஐந்து முதல் பதினான்கு நாட்கள் கழித்துத்தான் வரும். அதனால்தான் பலருக்கும் குழியும் காய்ச்சலும் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை என்று தோன்றுவதில்லை.

இந்தக் கிருமியை முதன்முதலில் கண்டவர் அதன் முனை வளைந்திருப்பதைப் பார்த்து வினாக்குறிபோல இருக்கிறது என்று எண்ணிப் பெயர் வைத்தார். 1907இல் அமெரிக்காவில் இறந்துபோன ஒரு நோயாளியின் சிறுநீரகத் துண்டை நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது ஸ்டிம்சன் என்பவர் அதைக் கண்டார். 'இன்டரோகன்ஸ்' என்ற அந்தப் பெயரே இன்றும் இருக்கிறது. இலங்கையில் அதிகமாக மனிதர்களைத் தாக்கும் இனமும் அதுதான். மஞ்சள் காமாலையும் சிறுநீரக வீழ்ச்சியும் கூடிய கடும் நோயை ஜேர்மனியரான அடோல்ஃப் வைல் 1886இலேயே விவரித்திருந்தார். அதற்குக் காரணம் இந்தக் கிருமிதான் என்று முதலாம் உலகப் போர்க் காலத்தில் நிறுவியவர்கள் இனாடா, இடோ என்ற ஜப்பானியர்கள். அவர்களுடைய நோயாளிகள் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள். தண்ணீர் தேங்கிய குழியில் உழைப்பவனை இந்த நோய் அன்றே தேடி வந்திருக்கிறது.

சரி, ஏன் கண்டுபிடிக்கக் கஷ்டம்?

முதல் வாரத்தில் கிருமி இரத்தத்தில் இருக்கும். ஆனால் எண்ணிக்கையில் மிகக் குறைவாகவும், சாதாரண நுணுக்குக்காட்டியில் தெரியாத அளவுக்கு மெல்லியதாகவும் இருக்கும். இரத்தத்தை வளர்ப்பூடகத்தில் இட்டுக் கிருமியை வளர்த்துப் பார்க்கலாம், அதற்கு வாரங்கள் போகும், சிலவேளை மாதங்கள். முடிவு வருவதற்குள் நோயாளி ஒன்றில் வீட்டுக்குப் போயிருப்பார், இல்லையென்றால் அடக்கமாகியிருப்பார். இன்னொரு வழி, கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் பிறபொருளெதிரியைத் தேடுவது. அது இரத்தத்தில் தெரிய ஐந்து முதல் ஏழு நாட்கள் ஆகும். இரண்டாம் நாள் பரிசோதித்தால் 'இல்லை' என்றுதான் வரும். அந்த 'இல்லை'யை நம்பி வீட்டுக்குப் போவதில்தான் ஆபத்து.

உலகம் முழுவதும் உரைகல்லாகக் கொள்ளப்படும் பரிசோதனை எம்.ஏ.டி. எனப்படுவது. 1918இல் வந்த முறை, நூறு வருடங்கள் தாண்டியும் அதைவிடச் சிறந்த ஒன்று அதன் இடத்தைப் பிடிக்கவில்லை. ஆய்வுகூடத்தில் பல வகை லெப்டோஸ்பைராக்களை உயிரோடு வளர்த்து வைத்திருப்பார்கள். நோயாளியின் இரத்த நீரை ஒவ்வொரு வகையோடும் கலந்து, எந்த வகை ஒட்டித் திரள்கிறது என்று இருட்புல நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். இதை இரண்டு தடவை செய்ய வேண்டும்: இப்போது ஒன்று, இரண்டு வாரம் கழித்து ஒன்று. அளவு நான்கு மடங்கு கூடியிருந்தால் உறுதி. இலங்கையில் இதற்கான தேசிய ஆய்வுகூடம் கொழும்பு பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகம். எம்.ஆர்.ஐ. என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். 1900இல் பற்றீரியா ஆய்வு நிலையமாகத் தொடங்கிய அரச நிறுவனம் அது. பலாங்கொடையில் எடுத்த இரத்தம் அங்கே போய், முடிவு திரும்பி வருவதற்கு எவ்வளவு நாளாகும் என்று வாசகர்களே கணக்குப் பார்க்கலாம். இரண்டாவது மாதிரி கொடுக்க, சுகமாகி வேலைக்குப் போய்விட்ட கூலித் தொழிலாளி திரும்பி வருவாரா என்பது இன்னொரு கேள்வி.

இதில் மற்றொரு சிக்கலும் ஒளிந்திருக்கிறது. லெப்டோஸ்பைராவில் 300 அளவிலான வகைகள் உண்டு. ஆய்வுகூடத்தில் வளர்த்து வைத்திருக்கும் வகைகளில் எமது ஊரில் சுற்றும் வகை இல்லாவிட்டால் பரிசோதனை பிழைத்துப் போகலாம். வேறொரு நாட்டிலிருந்து வந்த வகைகளை வைத்துக்கொண்டு இரத்தினபுரிக் குழியில் உள்ளதைத் தேடினால் பக்கத்து வகுப்புப் பதிவேட்டை வைத்துக்கொண்டு எமது வகுப்பில் பெயர் கூப்பிடுவது போலத்தான். ஆகவே முதலில் இங்கே என்னென்ன வகைகள் உள்ளன என்று தெரிய வேண்டும். மரபணு ஆராய்ச்சி இந்த இடத்தில்தான் உள்ளே வருகிறது.

2008ஆம் ஆண்டு இலங்கையில் எலிக்காய்ச்சல் முன்னொருபோதும் இல்லாத அளவுக்குப் பரவியது. 7,000க்கும் மேற்பட்டோர் சந்தேக நோயாளர்களாகப் பதிவாகினர், 200க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இது உண்மையில் எலிக்காய்ச்சல்தானா, ஹன்டா வைரஸ் போன்ற வேறொன்றா என்ற சந்தேகம்கூட அப்போது எழுந்தது. உறுதி செய்யப் போதிய ஆய்வுகூட வசதி கையில் இல்லாததுதான் அந்தச் சந்தேகத்துக்குக் காரணம். பேராதனையிலும் ரஜரட்டையிலும் உள்ள பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். ரஜரட்டப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் சமூக மருத்துவப் பேராசிரியராக அப்போது இருந்த சுனெத் அகம்பொடியும் அவரது குழுவினரும் 2016இலிருந்து சில வருடங்கள் வரண்ட வலயத்திலும் ஈர வலயத்திலும் வைத்தியசாலைகளுக்குக் காய்ச்சலோடு வந்தவர்களிடம் சம்மதம் பெற்று இரத்த மாதிரிகள் சேகரித்தனர். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோசப் வினெட்ஸ் இதில் கூட்டாளி. பணம் அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவகத்திலிருந்து வந்தது, அதாவது அந்த நாட்டு மக்களின் வரிப்பணம்.

அந்த மாதிரிகளிலிருந்து வளர்த்தெடுத்த கிருமிகளின் குறிப்பிட்ட சில பரம்பரையலகுகளை எழுத்தெழுத்தாக வாசித்து ஒப்பிட்டார்கள். 2021இல் வெளியான முடிவு: இலங்கையில் மனிதர்களைத் தாக்கும் லெப்டோஸ்பைராக்களில் உலகில் அதுவரை பதிவாகாத 12 புதிய குடும்பக் குழுக்கள். பின்னர் அவற்றில் சிலவற்றின் முழு மரபணுத்தொகுதியையும் வாசித்து வெளியிட்டார்கள்.

இந்த 'வாசிப்பு' என்றால் என்னவென்று மாணவர்களுக்கு நான் விளங்கப்படுத்தும் விதம் இதுதான். மனிதனின் மரபணுத்தொகுதி ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள். லெப்டோஸ்பைராவுடையது வெறும் 47 இலட்சம் அளவுதான். சீன விஞ்ஞானிகள் 2003இல் அதை முதலில் முழுமையாக வாசித்து வெளியிட்டார்கள். கிருமி பெருகும்போது இந்த 47 இலட்சம் எழுத்துகளையும் பிரதி பண்ண வேண்டும், பிரதியில் இடைக்கிடை பிழை விழும். பரீட்சை மண்டபத்தில் இரண்டு பிள்ளைகள் ஒரே இடத்தில் ஒரே பிழையை விட்டிருந்தால் ஒருவர் மற்றவரைப் பார்த்து எழுதினார் என்று எமக்குத் தெரிந்துவிடும் அல்லவா? அப்படித்தான். இரண்டு நோயாளிகளின் கிருமியில் ஒரே பிழைகள் இருந்தால் இரண்டும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை. பிழைகளைக் கொண்டு வம்சாவளி வரையலாம், எந்த மிருகத்திலிருந்து எந்த ஊருக்கு வந்தது என்று தேடலாம்.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. லெப்டோஸ்பைராவின் இன்னோர் இனமான போர்க்பீட்டர்சனியின் மரபணுத்தொகுதியை 2006இல் வாசித்தபோது அது 39 இலட்சம் எழுத்துகளாகச் சுருங்கியிருப்பது தெரிந்தது. சுருங்கியதில் அது இழந்தது, வெளித் தண்ணீரில் நீண்ட காலம் தாக்குப்பிடிக்கும் திறமையை. ஆகவே அது மிருகத்திலிருந்து நெருக்கமாகத் தொற்றுவதையே பெரிதும் நம்பி வாழ்கிறது. ஓர் ஊரில் அந்த இனம் அதிகமென்றால் மாட்டுப்பட்டியைக் கவனிக்க வேண்டும், இன்டரோகன்ஸ் அதிகமென்றால் வயலையும் குழித் தண்ணீரையும் கவனிக்க வேண்டும். 2011இல் அநுராதபுரத்தில் வெள்ளத்துக்குப் பின் வந்த பரவலில் கிர்ஷ்னெரி என்ற வேறோர் இனம் முன்னால் நின்றது. கேகாலைக்கு எழுதும் மருந்துச்சீட்டை அப்படியே அநுராதபுரத்துக்கு எழுத முடியாது என்பதன் பொருள் இதுதான்.

இரத்தத்தில் நேரடியாகக் கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். பரிசோதனையைக் கொவிட் காலத்தில் எல்லோரும் அறிந்துகொண்டோம். எலிக்காய்ச்சலுக்கும் அது உண்டு. முதல் நான்கைந்து நாட்களில், பிறபொருளெதிரி தோன்றுவதற்கு முன்னரே, கண்டுபிடிக்க உதவும். அந்த மாணவனுடைய கேள்விக்குப் பதிலின் பாதி இது. அதற்கும் மேலே போன ஒரு சம்பவத்தையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் நோயெதிர்ப்புச் சக்தி குறைந்த 14 வயதுச் சிறுவன் ஒருவன் மாதக்கணக்காகக் காய்ச்சலும் மூளை வீக்கமுமாகக் கிடந்தான். மூளையில் துளையிட்டுச் சோதித்தும் காரணம் தெரியவில்லை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சார்ள்ஸ் சியூவும் குழுவினரும் அவனுடைய முள்ளந்தண்டு நீரில் இருந்த எல்லா மரபணுத் துண்டுகளையும் ஒன்றும் விடாமல் வாசித்தார்கள். 30 இலட்சத்துக்கு மேற்பட்ட துண்டுகளில் 475 துண்டுகள் லெப்டோஸ்பைராவுடையவை. இரண்டு நாளில் விடை வந்தது. பெனிசிலின் கொடுத்தார்கள், எழுந்து நடந்து வீட்டுக்குப் போனான். 2014இல் இது உலகச் செய்தியானது. மற்றவர்கள் வியந்தது அந்த இயந்திரத்தைப் பார்த்து. என் கண்ணில் பட்டது அந்த மருந்து. எமது தோட்ட வைத்தியசாலை அலுமாரியிலும் இருக்கக்கூடிய, எண்பது வருடப் பழைய பெனிசிலின்.

அதனால்தான் நான் வாசித்த, கேட்டறிந்த எல்லா வைத்தியர்களும் ஒரே விடயத்தைச் சொல்கிறார்கள்: பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கக் கூடாது. குழி, வயல், வெள்ளம் என்ற மூன்றில் ஒன்றைத் தொட்டவருக்குக் கடும் காய்ச்சல், தசைவலி, கண் சிவப்பு இருந்தால் சந்தேகத்தின் பேரிலேயே சிகிச்சையைத் தொடங்க வேண்டும். டெங்கிலும் இதிலும் குருதிச் சிறுதட்டுகள் குறையும், அதனால் குழம்பும். ஆனால் டெங்கில் வெண்குழியங்களும் பெரும்பாலும் குறையும், எலிக்காய்ச்சலில் அவை கூடுவதே வழமை. டெங்குக்கு அன்டிபயோட்டிக் பயனில்லை, இதற்கு அதுவே உயிர். ஆகவே வைத்தியரிடம் போனால் காய்ச்சல் எத்தனையாம் நாள் என்பதைச் சொல்வதோடு என்ன வேலை செய்கிறோம் என்பதையும் கேட்காமலே சொல்லிவிட வேண்டும். செலவில்லாத பரிசோதனை இதுதான்.

வராமல் தடுக்கவும் வழி இருக்கிறது, அதுவும் அரச பணத்தில் நடந்த ஆராய்ச்சியின் விளைவுதான். 1982இல் பனாமாக் காட்டுக்குப் பயிற்சிக்குப் போன 940 அமெரிக்கச் சிப்பாய்களில் பாதிப் பேருக்கு வாரம் ஒரு தடவை டொக்சிசைக்ளின் 200 மில்லிகிராம் கொடுத்தார்கள், மற்றப் பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெற்றுக் குளிசை. வெற்றுக் குளிசை எடுத்தவர்களில் 20 பேருக்கு எலிக்காய்ச்சல் வந்தது, மருந்து எடுத்தவர்களில் ஒருவருக்கு. எமது பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் வயல் காலத்தில் இலவசமாகக் கொடுக்கும் அதே குளிசை, அதே அளவு.

ஆனால் மூன்று வாரப் பயிற்சிக்குப் போகும் சிப்பாயும் வருடம் முழுக்கச் சேற்றில் நிற்கும் தொழிலாளியும் ஒன்றல்ல. அந்தமானில் இதைச் சோதித்தார்கள். வட அந்தமானின் டிக்லிப்பூரில் 1988இலிருந்து மழைக்குப் பின் ஒரு மர்மக் காய்ச்சல் வந்தது. நுரையீரலில் இரத்தம் கசிந்து ஆட்கள் இறந்தார்கள். வருடங்கள் கழித்துத்தான், போர்ட் பிளேயரில் உள்ள இந்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தார் அது எலிக்காய்ச்சல் என்று நிறுவினார்கள். (சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் இங்கிருந்து போன தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் சிலவற்றை இந்திய அரசு நிகோபாரின் கச்சால் தீவு றப்பர் தோட்டத்தில்தான் குடியேற்றியது. எமது மலையக உறவுகளின் பாதை எங்கெல்லாம் போயிருக்கிறது பாருங்கள்.) அதே நிலையத்தார் ஒரு பரவலின்போது 782 பேரிடம் அந்த வாராந்தக் குளிசையைச் சோதித்து 2000இல் முடிவை வெளியிட்டார்கள். தொற்று நிற்கவில்லை, ஆனால் நோயாக வெளிப்பட்டவர்களின் தொகை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஆகவே குளிசை ஒரு வேலி, மதில் அல்ல. குளிசை எடுத்தவருக்கும் காய்ச்சல் வந்தால் வைத்தியசாலைக்குப் போகத்தான் வேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் சிறு பிள்ளைகளும் வைத்தியரைக் கேட்காமல் இதை எடுக்கக் கூடாது. சாப்பிட்ட பிறகு நிறையத் தண்ணீரோடு எடுக்க வேண்டும்; றமழானில் இப்தாருக்குப் பின் எடுத்தால் போதும், வாரத்துக்கு ஒரு தடவைதானே.

இனி, பிழைத்தவர்களுக்கு என்ன நடக்கிறது? இதைப் பற்றி ஆராய்ச்சி குறைவு, ஆனால் பேராதனையில் பேராசிரியர் குலரத்னவும் சகாக்களும் செய்த ஒன்று இருக்கிறது. எலிக்காய்ச்சலால் சிறுநீரகம் பாதித்த 44 பேரைத் தொடர்ந்து கவனித்து 2014இல் வெளியிட்டார்கள். பெரும்பாலானோரின் சிறுநீரகம் வழமைக்குத் திரும்பியது, சிலருக்கு நீடித்த பாதிப்பாக நின்றுவிட்டது. வீட்டுக்கு அனுப்பும்போது 'கிளினிக்குக்கு வாருங்கள்' என்று எழுதிக் கொடுப்பது சடங்கல்ல என்பதற்கு அந்தச் சிலரே சாட்சி. எமது ஆட்களோ காய்ச்சல் விட்டதும் கிளினிக் கொப்பியை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். ஒருநாள் கிளினிக் என்றால் ஒருநாள் கூலி போய்விடும் என்பது அவர்கள் பக்க நியாயம்.

பணத்தைப் பற்றியும் பேச வேண்டும். ஆராய்ச்சிக்கும் அபிவிருத்திக்கும் இலங்கை ஒதுக்குவது மொத்தத் தேசிய உற்பத்தியில் 0.2 சதவீதத்தைக்கூட எட்டுவதில்லை. அதனால்தான் எமது வயலில் உள்ள கிருமியை வாசிக்க அமெரிக்க வரிப்பணம் தேவைப்பட்டது. 2025 மே மாதம் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகம், வெளிநாட்டு நிறுவனங்களுக்குப் பகிர்ந்து கொடுக்கும் துணை மானியங்களைப் புதிய முறையொன்று வரும்வரை நிறுத்துவதாக அறிவித்தது. உலகில் வருடத்துக்கு 10 இலட்சம் பேருக்கு இந்நோய் வந்து 58,900 பேர் இறக்கிறார்கள் என்பது 2015இல் வெளியான மதிப்பீடு. இறப்பவர்கள் பெரும்பாலும் வெப்பமண்டல நாடுகளின் ஏழை உழைப்பாளிகள். மருந்துக் கம்பனிகளுக்கு இதில் இலாபம் இல்லை. பொதுப் பணம் நின்றால் இந்த ஆராய்ச்சியும் நிற்கும். எமது பாராளுமன்ற உறுப்பினர்கள் வரவுசெலவுத் திட்ட விவாதத்தில் பாதைக்கும் கட்டடத்துக்கும் கேட்பார்கள். இரத்தினபுரிக்கு ஒரு பி.சி.ஆர். ஆய்வுகூடத்தில் எலிக்காய்ச்சலையும் சேர்த்துச் செய்யுங்கள் என்று கேட்டால் என்ன?

அரசிடம் கேட்பதற்கு முன் எமது பக்கமும் ஒரு கேள்வி இருக்கிறது. மாணிக்கத் தொழிலில் குழியின் பலன் பங்கு பங்காகப் பிரியும்: காணிக்காரருக்கு, அனுமதிப்பத்திரக்காரருக்கு, பம்ப் வைத்தவருக்கு, இறங்கி வேலை செய்பவர்களுக்கு. பணம் போடுபவர்களில் எமது வியாபாரிகள் கணிசமானோர். இரத்தினபுரித் தெருவில் கல் பார்ப்பவர்கள் முதல் பேருவளை சீனன்கோட்டை வரை. குழிக்கு டீசல், மரம், சாப்பாடு எல்லாவற்றுக்கும் கணக்குப் போடுகிறோம். இறங்குபவருக்குப் பூட்ஸும், சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் இலவசமாகக் கிடைக்கும் குளிசையும் அந்தக் கணக்கில் ஏன் வருவதில்லை? ஒரு கல் கிடைத்தால் கைமாறும் தொகையோடு பார்த்தால் இது தூசி.

இன்னொன்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஆனால் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை முழுமையாகாது. ஆராய்ச்சிக்கு இரத்தம் கேட்டால், மரணத்துக்குப் பின் பிரேத பரிசோதனை என்றால் எமது வீடுகளில் கதவு மூடப்படுகிறது. அதற்குக் காரணம் இருக்கிறது. 2020 ஏப்ரலில் வந்த வர்த்தமானி கொவிட் ஜனாஸாக்களை எரிக்கச் சொன்னது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லியும் கேட்கவில்லை. 2021 பெப்ரவரி வரை அது நீடித்தது, பிறகு ஓட்டமாவடிக்குக் கொண்டு போய் அடக்கினோம். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. விஞ்ஞானத்தின் பெயரைச் சொல்லி விஞ்ஞானத்துக்கு மாறாக நடந்தார்கள். அந்தக் காயத்தோடு இருப்பவரிடம் 'இரத்தம் தாருங்கள், மரபணு பார்க்க வேண்டும்' என்றால் என்ன செய்யப் போகிறார்கள் என்று பயப்படுவது இயல்பு.

ஆனால் இரண்டையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது என்பது என் நிலைப்பாடு. மேலே சொன்ன ஆராய்ச்சியில் வாசித்தது கிருமியின் மரபணுவை, மனிதனுடையதை அல்ல. மாதிரி கொடுப்பவருக்கு அவருடைய மொழியில் விளக்கம் கேட்க உரிமை இருக்கிறது: எதற்காக எடுக்கிறீர்கள், எங்கே வைப்பீர்கள், மனித மரபணுவையும் பார்ப்பீர்களா, நடுவில் விலகலாமா, முடிவை எனக்குச் சொல்வீர்களா. சம்மதப் படிவம் சிங்களத்தில் மட்டும் இருந்தால் தமிழில் கேளுங்கள். பதில் திருப்தியில்லாவிட்டால் மறுக்கலாம், சிகிச்சை அதனால் குறையக் கூடாது. ஆனால் கேள்வியே கேட்காமல் மறுத்தால் ஆராய்ச்சித் தரவில் நாம் இல்லாமல் போவோம். பிரேத பரிசோதனை விடயத்திலும் ஒரு வழி உண்டு. நோயாளி உயிரோடு இருக்கும்போதே எடுத்த இரத்தம் பாதுகாப்பாக இருந்தால் பல வேளைகளில் அதிலிருந்தே காரணத்தை அறியலாம். நாம் மாதிரியைத் தடுக்கத் தடுக்க, பிறகு பிரேத பரிசோதனைக்கான தேவை கூடுகிறது என்பதை எமது உலமாக்களும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் யோசிக்க வேண்டும். ஜும்ஆவுக்குப் பிறகு ஐந்து நிமிடம் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைப் பேச விட்ட பள்ளிவாசல்கள் இருக்கின்றன. டெங்குக்குச் செய்தோம், இதற்கும் செய்யலாம்.

ஒரு சின்ன விடயம். எலிக்காய்ச்சல் அறிவிக்கப்பட வேண்டிய நோய். சந்தேகம் வந்தவுடன் வைத்தியர் 544 என்ற இலக்கப் படிவத்தை நிரப்பி சுகாதார வைத்திய அதிகாரிக்கு அனுப்ப வேண்டும், பரிசோதகர் வீட்டுக்கு வந்து பார்ப்பார். அவர் வரும்போது எந்தக் குழி, எந்த வயல், எந்தப் பீலிக்கரை என்று ஒளிக்காமல் சொல்ல வேண்டும். குழிக்கு அனுமதிப்பத்திரம் இல்லை என்ற பயத்தில் இடத்தை மறைப்பவர்கள் இருக்கிறார்கள். பரிசோதகர் வருவது அனுமதிப்பத்திரம் பார்க்க அல்ல. அந்த இடம் தெரியாவிட்டால் அங்கே இறங்கும் அடுத்த ஆளுக்குக் குளிசை போய்ச் சேராது.

மாணவனின் வாப்பா மூன்று மாதம் வீட்டில் இருந்துவிட்டு மறுபடி குழிக்குப் போகிறார். வேறு வேலை கிடைக்கவில்லை. ஞாயிறு இரவு இஷாவுக்குப் பிறகு இரண்டு குளிசை விழுங்குகிறார். மகன் சுவரில் உள்ள கலண்டரில் அடையாளம் போடுகிறான். சிறுநீரகக் கிளினிக் அடுத்த மாதம் இருக்கிறது, அன்று தானும் கூடப் போக வேண்டும் என்று என்னிடம் இப்போதே லீவு கேட்டிருக்கிறான். டொக்டரிடம் கேட்க நான்கு கேள்விகள் எழுதி வைத்திருக்கிறானாம்.